எவா பாயோர்: ஐந்து இறுதித் தோல்விகளை வைத்து அவரை எடைபோடலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "எவா பாயோர் இருந்த அணிகள் ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் பெண்கள் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் ஐந்து முறை தோற்றிருக்கின்றன. அவருடைய நாடான போலந்தும் பெண்கள் கால்பந்தில் பெரிய பெயர் எடுத்த நாடு இல்லை. பிறகு ஏன் அவரை உலகின் சிறந்த ஃபார்வர்டுகளில் ஒருவர் என்கிறார்கள்? அவர் எப்படி இந்த இடத்துக்கு வந்தார்?"

முதல் பாதிக்கு என் பதில்: அந்த ஐந்து தோல்விகளும் நடந்தவைதான், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய ஆட்ட வாழ்க்கையின் மையம் அங்கே இல்லை. 2024 டிசம்பர் 3-ஆம் தேதி வியன்னாவில் நடந்த ஓர் ஆட்டத்தில் இருக்கிறது. அது ஏன் என்று புரிய வேண்டுமென்றால் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். 2025 வரையிலான கதையைச் சொல்கிறேன்.

பாயோர் 1996 டிசம்பர் 3 அன்று பிறந்தவர். ஊர், மத்திய போலந்தில் வார்த்தா ஆற்றின் கரையில் இருக்கும் உனியேயுஃப். வெந்நீர் ஊற்றுகளுக்காக ஆட்கள் வந்துபோகும் சின்ன நகரம் அது. அவர் வளர்ந்தது அந்த நகரத்துக்கு வெளியே, வயல்வெளிக்கு நடுவில் இருக்கும் ஒரு கிராமத்தில். விவசாயக் குடும்பம். பக்கத்தில் வியெலெனின் என்ற இன்னொரு கிராமம். அங்கிருந்த ஓர்லெந்தா வியெலெனின் என்ற சிறிய கிளப்பில்தான் முதலில் ஆடினார். போலந்துக் கிராமங்களில் இப்படிப்பட்ட கிளப்புகள் நிறைய உண்டு. ஒரு மைதானம், ஆர்வமுள்ள ஒரு பயிற்சியாளர், அவ்வளவுதான் மூலதனம். அதிலிருந்து ஒரு பெண் மேலே வர வேண்டுமென்றால், அடுத்த படி எங்காவது எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும்.

பாயோருக்கு அது இருந்தது. வடக்கே கொஞ்ச தூரத்தில் கோனின் என்ற நகரம். பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்போன ஊர். அங்கே மெடிக் கோனின் என்ற பெண்கள் கிளப், 1985-இலிருந்து இருக்கிறது. ரோமான் யாஷ்சாக் என்ற மனிதர் பல பத்தாண்டுகளாக உழைத்துக் கட்டிய அணி. பெண்கள் கால்பந்தைப் போலந்தில் யாரும் பெரிதாக மதிக்காத காலத்திலேயே, சின்னப் பெண்களைத் தேடிப்பிடித்து, தங்கவைத்து, படிக்கவைத்து, ஆடவைத்தவர்கள் அவர்கள். பாயோர் அங்கே போய்ச் சேர்ந்து, 15 வயதிலேயே நாட்டின் முதல்நிலை லீகான எக்ஸ்ட்ராலிகாவில் இறங்கிவிட்டார். மெடிக் அணியோடு 2014, 2015 என்று இரண்டு லீக் பட்டங்கள், 2013 முதல் 2015 வரை மூன்று போலந்துக் கோப்பைகள்.

ஆனால் ஐரோப்பா முழுக்க அவர் பெயர் தெரியவந்தது 2013 கோடையில். 17 வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான ஐரோப்பிய சாம்பியன்ஷிப் சுவிட்சர்லாந்தின் நியோன் நகரில் நடந்தது. அப்போதெல்லாம் கடைசிச் சுற்றுக்கு நான்கே அணிகள்தான். ஸ்பெயின், ஸ்வீடன், பெல்ஜியம், நான்காவதாகப் போலந்து. போலந்து அங்கே வந்ததே பலருக்கு ஆச்சரியம். இறுதியில் ஸ்வீடனை 1-0 என்று வென்றார்கள். கோல் போட்டவர் எவெலினா காம்சிக். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது பாயோருக்குப் போனது. அதே ஆண்டில் 16 வயதில் சீனியர் தேசிய அணிக்கும் வந்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இளையோர் பட்டம் வென்ற ஒரு தலைமுறை கையில் இருந்தும், போலந்தின் சீனியர் பெண்கள் அணி அடுத்த பதினோரு ஆண்டுகளுக்கு எந்தப் பெரிய தொடருக்கும் தகுதி பெறவில்லை. காரணம் திறமைக் குறைவு இல்லை. நாட்டுக்குள் இருந்த லீகில் பணமில்லை. படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ ஆட வேண்டிய நிலைதான் பலருக்கு. வலுவான எதிரணிகளோடு வாராவாரம் மோதும் வாய்ப்பும் கிடையாது. 17 வயதில் ஸ்வீடனை வென்ற பெண்கள் 22 வயதில் அதே ஸ்வீடன் பெண்களைப் பார்த்தால், அவர்கள் எட்டாத தூரத்துக்குப் போயிருப்பார்கள். முழுநேரப் பயிற்சி, மருத்துவக் குழு, நல்ல மைதானம் எல்லாம் ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும் இருந்தன. அதனால் நன்றாக ஆடத் தெரிந்த போலந்துப் பெண்ணுக்கு வெளியேறுவது ஒன்றுதான் வழி. கோல்கீப்பர் கதார்ஜினா கியெட்ஷினெக் 2013-இலேயே பாரிஸ் செயின்ட் ஜெர்மன் கிளப்புக்குப் போனார். பாவ்லினா துதெக் பிறகு மெடிக் கோனினிலிருந்து அதே பாரிஸ் அணிக்குப் போனார். பாயோர் 2015-இல், 18 வயதில், ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் அணிக்குப் போனார்.

வொல்ஃப்ஸ்பர்க் என்றால் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலை. அந்த நிறுவனத்தின் பணபலம் கிளப்புக்குப் பின்னால் இருந்தது. 2013, 2014 இரண்டு ஆண்டுகளும் சாம்பியன்ஸ் லீக் வென்ற அணி. முன்வரிசையில் இடம் பிடிப்பது லேசான காரியம் இல்லை. அலெக்ஸாண்ட்ரா பாப் அங்கே ராணி மாதிரி. 2017-இல் டென்மார்க்கின் பெர்னில் ஹார்டரும் வந்து சேர்ந்தார். முதல் ஓரிரண்டு சீசன்களில் பாயோர் மாற்று ஆட்டக்காரராகவும், ஓரத்தில் ஆடுபவராகவும் காத்திருந்தார். பலர் இந்தக் கட்டத்தில் வேறு சின்ன கிளப்புக்குத் தற்காலிகமாக, கடன் ஒப்பந்தத்தில் போய்விடுவார்கள். அவர் போகவில்லை. 2018-19 சீசனில் 24 கோல்கள் அடித்து ஜெர்மன் லீகின் அதிக கோல் அடித்தவர் ஆனார். ஹார்டரும் பாப்பும் இருந்த அணியில் அதைச் செய்தார் என்பதுதான் விசேஷம்.

ஒன்பது சீசன்கள் அங்கே. ஐந்து லீக் பட்டங்கள். ஜெர்மன் கோப்பையை அவர் இருந்த ஒன்பது ஆண்டுகளிலும் வொல்ஃப்ஸ்பர்க்தான் வென்றது. ஒன்பதுக்கு ஒன்பது. வெறும் பட்டியல் கணக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2019 கோப்பை இறுதியில் ஃப்ரைபர்க் அணியோடு 1-0; அந்த ஒரு கோல் பாயோருடையது. 2021 இறுதியில் ஃப்ராங்க்ஃபர்ட்டோடு 90 நிமிடமும் கோல் இல்லை, கூடுதல் நேரமும் முடியப்போகிறது, 118-ஆவது நிமிடத்தில் பாயோர் அடிக்கிறார், 1-0. அந்த சீசனின் பெரும்பகுதியை முழங்கால் காயத்தால் வெளியே உட்கார்ந்து கழித்தவர் அவர். இறுதிப்போட்டி என்றாலே அவர் காணாமல் போய்விடுவார் என்று யாராவது சொன்னால், இந்த இரண்டு ஆட்டங்களைத்தான் நான் காட்டுவேன்.

சரி, அந்த ஐந்து தோல்விகளுக்கு வருவோம்.

முதல் மூன்றும் ஒரே அணியிடம்: லியோன். 2016-இல் பெனால்டி ஷூட்அவுட்டில். அப்போது பாயோருக்கு 19 வயது, அணிக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. 2018-இல் கீவ் நகரில், கூடுதல் நேரத்தின் தொடக்கத்தில் ஹார்டர் கோலடித்து வொல்ஃப்ஸ்பர்க் முன்னிலை பெற்றது. சில நிமிடங்களில் பாப் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, லியோன் நான்கு கோல்களைப் போட்டு 4-1 என்று முடித்தது. 2020-இல் சான் செபாஸ்டியனில் 3-1. லியோன் 2016 முதல் 2020 வரை தொடர்ந்து ஐந்து முறை பட்டம் வென்ற அணி. பெண்கள் கிளப் கால்பந்து வரலாற்றில் அதைவிட வலுவான அணி இருந்ததில்லை என்பது என் கருத்து. அவர்களிடம் மூன்று முறை தோற்றது குறையாகத் தெரிகிறது. மூன்று முறையும் அவர்களுக்கு எதிரே போய் நின்ற அணி இது ஒன்றுதான் என்பதை யாரும் சொல்வதில்லை.

நான்காவது, 2023 ஜூன் 3, ஐண்ட்ஹோவன், எதிரணி பார்சிலோனா. இந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அந்த சீசனில் பாயோர் 9 கோல்களோடு சாம்பியன்ஸ் லீகில் முதலிடம். ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம். பார்சிலோனாவின் வலதுபக்க டிஃபெண்டர் லூசி ப்ரோன்ஸ் பந்தோடு இருக்கிறார். உலகின் அனுபவமிக்க டிஃபெண்டர்களில் ஒருவர். பாயோர் பக்கவாட்டிலிருந்து வந்து பந்தைப் பறிக்கிறார். பறித்த வேகத்திலேயே பெனால்டி பாக்ஸ் விளிம்பு வரை போய், யாருக்கும் பாஸ் தேடாமல், நேராக அடிக்கிறார். கோல்கீப்பர் சாண்ட்ரா பான்யோஸின் கையில் பட்டும் பந்து உள்ளே போகிறது. 37-ஆவது நிமிடத்தில் பாயோர் கொடுத்த கிராஸைப் பாப் தலையால் முட்டி 2-0. அரைநேரத்தில் வொல்ஃப்ஸ்பர்க் கோப்பைக்கு மிக அருகில். இடைவேளைக்குப் பிறகு பத்ரி கிஹாரோ இரண்டே நிமிட இடைவெளியில் இரண்டு கோல்கள். 70-ஆவது நிமிடத்தில் ஃப்ரிடோலினா ரோல்ஃபோ மூன்றாவது. ரோல்ஃபோ அதற்கு முன் வொல்ஃப்ஸ்பர்க்கில் பாயோரோடு ஆடியவர். 3-2.

அன்றைக்கு வொல்ஃப்ஸ்பர்க் அடித்த இரண்டு கோல்களில் ஒன்று அவருடையது, இன்னொன்றுக்குப் பந்து கொடுத்தவரும் அவர். தோல்விக் கணக்கில் இதையும் அவர் பேரில் எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பார்சிலோனாவும் அன்று அவரை நன்றாகக் கவனித்திருக்க வேண்டும். பந்தை வைத்துக்கொண்டு ஆடுவதில் அவர்களுக்கு நிகர் இல்லை. ஆனால் பெனால்டி பாக்ஸுக்குள் நின்று முடித்துவைக்கும் நம்பர் 9 வகை ஆள் அவர்களிடம் நிலையாக இல்லை. 2024 கோடையில் பாயோரை வாங்கினார்கள். விலை ஏறத்தாழ 4 லட்சம் யூரோ என்று செய்திகள் வந்தன. ஆண்கள் கால்பந்தில் இது ஒன்றுமே இல்லை. பெண்கள் கால்பந்தில் அன்றைக்குப் பெரிய தொகை. போகும் முன் ஜெர்மன் லீகில் மறுபடியும் அதிக கோல் அடித்தவர் ஆகிவிட்டுத்தான் போனார், இந்த முறை 18 கோல்கள்.

பார்சிலோனாவில் முதல் சீசன், 2024-25: எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 43 கோல்கள். லீகில் 25, ஸ்பெயினின் அதிக கோல் அடித்தவர் விருது. லீக், ராணி கோப்பை, சூப்பர் கோப்பை மூன்றும் கிளப்புக்கு. அதே சீசனில் அதே கிளப்பின் ஆண்கள் அணியில் இன்னொரு போலந்துக்காரர், ராபர்ட் லெவான்டோவ்ஸ்கி, அவரும் 40 கோல்களைத் தாண்டினார். ஒரு பெரிய கிளப்பின் ஆண், பெண் இரு அணிகளுக்கும் முன்வரிசையைப் போலந்து கொடுத்த ஆண்டு அது. அப்புறம் சாம்பியன்ஸ் லீக். காலிறுதியில் பழைய அணியான வொல்ஃப்ஸ்பர்க்கையே இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 10-2 என்று நொறுக்கினார்கள். அரையிறுதியில் செல்சீயை இரண்டு முறையும் 4-1. லிஸ்பனில் இறுதி, மே 24, ஆர்சனல். 74-ஆவது நிமிடத்தில் ஸ்டீனா பிளாக்ஸ்டீனியஸ் அடித்த ஒரே கோல். ஐந்தாவது தோல்வி. பார்சிலோனா முழு அணியுமே அன்று ஆர்சனலின் தடுப்பை உடைக்க முடியாமல் திணறியது.

அவருடைய ஆட்டத்தில் என்ன தனித்தன்மை என்று கேட்டால், பந்து காலில் இல்லாத நேரத்தைப் பாருங்கள் என்பேன். மத்திய டிஃபெண்டர்கள் இருவருக்கும் நடுவில் சும்மா நிற்க மாட்டார். தூரத்திலிருக்கும் டிஃபெண்டரின் முதுகுப் பக்கம் போய், அவர் கண்ணில் படாத இடத்தில் நிற்பார். சகவீராங்கனை தலையை நிமிர்த்திய கணத்தில், டிஃபெண்டருக்கு முன்னால் குறுக்கே வெட்டி, பந்துக்கு அருகில் இருக்கும் கோல் கம்பத்தை நோக்கி ஓடுவார். டிஃபெண்டர் திரும்பிப் பார்க்கும்போது அவர் ஒரு அடி முன்னே இருப்பார். அந்த ஒரு அடிதான் வித்தியாசம். பெரும்பாலும் ஒரு தொடுதல், அல்லது இரண்டு. அலங்காரம் கிடையாது. அப்படி ஓடிய பத்தில் ஏழெட்டு முறை பந்து வராது. திரும்பி வந்து மறுபடி ஓடுவார். இதோடு, எதிரணியிடம் பந்து இருக்கும்போது முதலில் துரத்துபவரும் அவர்தான். லூசி ப்ரோன்ஸிடம் பந்தைப் பறித்து அடித்த கோல் தற்செயல் இல்லை. பத்தாண்டுகளாக ஆட்டத்துக்கு ஆட்டம் செய்துவந்த வேலைக்குப் பெரிய மேடையில் கிடைத்த கூலி.

இப்போது வியன்னா.

போலந்துப் பெண்கள் அணி 1981-இலிருந்து சர்வதேச ஆட்டங்கள் ஆடுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓர் உலகக் கோப்பையும் இல்லை, ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பும் இல்லை. 2021-இல் நீனா பதாலோன் பயிற்சியாளராக வந்தார். அந்த அணியைப் பயிற்றுவித்த முதல் பெண். ஐரோப்பிய நாடுகள் அடுக்கு அடுக்காகப் பிரிந்து மோதும் நேஷன்ஸ் லீகில், இரண்டாம் அடுக்கில் தங்கள் பிரிவை வென்று மேல் அடுக்குக்கு ஏறினார்கள். ஏறியதன் விளைவு, 2025 ஐரோப்பிய சாம்பியன்ஷிப் தகுதிச்சுற்றில் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஐஸ்லாந்து மூன்றோடும் மோத வேண்டியிருந்தது. ஆறு ஆட்டங்கள், ஆறு தோல்விகள், பூஜ்யம் புள்ளிகள். அதற்கு மேல் ஓர் அணி இறங்க முடியாது. ஆனால் மேல் அடுக்கில் ஆடியவர்களுக்கு ப்ளே-ஆஃப், அதாவது மீதி இடங்களுக்கான கடைசிச் சுற்று, வாய்ப்பு உண்டு என்பது விதி. முதலில் ருமேனியாவை வென்றார்கள். கடைசித் தடை ஆஸ்திரியா. 2017-இல் ஐரோப்பிய அரையிறுதி, 2022-இல் காலிறுதி ஆடிய அணி. சில மாதங்களுக்கு முன்புதான் போலந்தை இரண்டு முறையும் வென்றிருந்தார்கள்.

கிதான்ஸ்க் நகரில் முதல் ஆட்டம், 1-0 போலந்து. நான்கு நாள் கழித்து வியன்னாவில் இரண்டாவது. ஆஸ்திரியாவுக்கு ஒரு கோல் போதும், கணக்கு சமமாகிவிடும். அப்படியொரு ஆட்டத்தில் 90 நிமிடமும் தாக்குப்பிடிப்பது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போலந்து தாக்குப்பிடித்தது. இஞ்சுரி டைமில், ஆஸ்திரியா எல்லாரையும் முன்னே அனுப்பிவிட்ட நேரத்தில், பாயோர் கோல் போட்டார். 1-0; மொத்தம் 2-0. அன்றைக்கு அவருக்கு 28-ஆவது பிறந்தநாள். போலந்துப் பெண்கள் முதல் முறையாக ஒரு பெரிய தொடருக்குப் போகிறார்கள்.

கிளப்பில் பாயோர் இல்லாவிட்டாலும் வொல்ஃப்ஸ்பர்க் சில பட்டங்கள் வென்றிருக்கும், பார்சிலோனா நிச்சயம் வென்றிருக்கும். தேசிய அணியின் கதை அப்படி இல்லை. அங்கே அவர் கேப்டன், 60-க்கு மேல் கோல்கள், நாட்டின் பெண்கள் கால்பந்தில் யாரையும்விட அதிகம். வாராவாரம் கிளப்பில் உலகத்தரமான ஆட்டக்காரர்களோடு ஆடிவிட்டு, தேசிய அணிக்கு வந்தால் ஒரு பாஸுக்காக அரை மணி நேரம் ஓட வேண்டிய நிலை. பதினோரு ஆண்டுகள் அதைச் செய்தார். அதனால்தான் வியன்னா என்கிறேன்.

சுவிட்சர்லாந்தில் 2025 ஜூலையில் தொடர். ஜெர்மனியோடு செயின்ட் காலனில் 0-2. முதல் கோலைப் போட்டவர் யூலே பிராண்ட், வொல்ஃப்ஸ்பர்க்கில் பாயோரின் சகவீராங்கனையாக இருந்தவர். லூசெர்னில் ஸ்வீடனோடு 0-3. இரண்டு ஆட்டங்களிலேயே வெளியேறியாயிற்று. மூன்றாவது டென்மார்க்கோடு, அதே லூசெர்னில். அவர்களும் வெளியேறிவிட்டார்கள். பெயருக்கு அது பயனற்ற ஆட்டம். நதாலியா பாதில்லா 13-ஆவது நிமிடத்தில் போலந்தின் முதல் பெரிய தொடர் கோலைப் போட்டார். 20-ஆவது நிமிடத்தில் பாயோர் தலையால் முட்டி இரண்டாவது. டென்மார்க் ஒன்றைத் திருப்பிய பிறகு மார்த்தினா வியாங்கோவ்ஸ்கா மூன்றாவது, முடிவில் 3-2. முதல் தொடர், முதல் கோல், முதல் வெற்றி. பயனற்ற ஆட்டம் என்று போலந்து ரசிகர் ஒருவரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரில், உலகின் சிறந்த ஆட்டக்காரர்களுக்குப் பரிசு கொடுக்கும் பாலோன் தோர் விழாவில், அந்த சீசனில் அதிக கோல்கள் அடித்தவருக்கான கெர்ட் முல்லர் விருதை முதல் முறையாகப் பெண்களுக்கும் தனியாகக் கொடுத்தார்கள். அதைப் பெற்றவர் பாயோர்.

நீங்களே பார்த்து முடிவுசெய்ய விரும்பினால், மூன்று ஆட்டங்கள் போதும். ஐண்ட்ஹோவன் இறுதியின் முதல் பாதி. வியன்னா ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடம். டென்மார்க் ஆட்டத்தை மட்டும் முழுசாகப் பாருங்கள்; பந்தைப் பின்தொடராமல் அவரை மட்டும் பின்தொடருங்கள். டென்மார்க் டிஃபெண்டர்கள் எத்தனை முறை தோளைத் திருப்பி அவர் எங்கே என்று தேடுகிறார்கள் என்பதிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.